ஒரு காரண்டியின் சரித்திரம்

எலுமிச்சம்பழத்துக்கு உலகம் முழுவதும் ஒரே மாதிரி மரியாதை கிடைப்பதில்லை. நம் ஊரில் புது லாரி வாங்குகிறவர் அதைக் கோயில் வாசலில் கொண்டு போய் நிறுத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சாத்தி, கற்பூரம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் சாலையில் ஓட விடுவார். அமெரிக்காவிலோ, வாங்கிய நாள் முதல் பட்டறைக்கும் வீட்டுக்குமாக அலைய வைக்கும் வண்டிக்குத்தான் "எலுமிச்சம்பழம்" என்று பெயர். கனெக்டிகட் மாகாணத்தில் 1982-ம் வருஷத்தில் சட்டசபையிலேயே ஓர் எலுமிச்சம்பழச் சட்டம் செய்தார்கள். பல முறை ரிப்பேர் செய்தும் திருந்தாத வண்டியைக் கம்பெனியே திரும்ப வாங்கிக் கொள்ள வேண்டும், அல்லது வேறு வண்டி கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாக அதைப் பின்பற்றின. ஆனால் அந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை வீட்டுக் காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சரக்கு ஏற்றிப் பிழைக்கிறவனுடைய பெரிய லாரி அநேகமாக அவற்றுக்கு வெளியேதான் நின்றது. அவனுக்கு மிஞ்சிய பாதுகாப்பு, வண்டியோடு கொடுத்த காரண்டிச் சீட்டு ஒன்றே.

அந்தச் சீட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நான் மெக்கானிக் அல்ல, வக்கீலும் அல்ல. கதை எழுதுகிறவன். ஆனாலும் சிகாகோவில் பிறந்த ஒரு கம்பெனியின் சரித்திரத்தைப் படிக்கத் தொடங்கியபோது, எந்த நாவலாசிரியனும் இவ்வளவு பொருத்தமாகக் கற்பனை செய்ய மாட்டானே என்று எனக்குப் பொறாமையே உண்டாகிவிட்டது. ஏனென்றால், காரண்டி கொடுத்து வளர்ந்த கம்பெனி அது. நூற்றைம்பது வருஷம் கழித்துக் காரண்டியாலேயே தள்ளாடியதும் அதுதான்.

மூல புருஷர் சைரஸ் மக்கார்மிக். 1831-ல் வர்ஜீனியாவில், குதிரை இழுக்கும் கதிர் அறுப்பு யந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டினார். 1834-ல் பேடண்டு வாங்கினார். (யந்திரம் செய்ததில் கூடவே நின்று உழைத்த ஜோ ஆண்டர்சன் என்ற அடிமையின் பெயர் பேடண்டில் ஏறவில்லை. அந்தக் காலத்தில் ஏறவும் ஏறாது.) 1847-ல் சிகாகோவுக்குப் போய்த் தொழிற்சாலை கட்டினார். அறுப்பு யந்திரம் அவர் ஒருவர்தான் செய்தார் என்பதில்லை. ஒபெட் ஹஸ்ஸி என்று பலமான போட்டிக்காரர் ஒருவர் அவருக்கு முன்பே பேடண்டு வாங்கியிருந்தார். மக்கார்மிக் ஜெயித்தது விற்ற விதத்தில்தான்.

விலை 120 டாலர். பேரம் கிடையாது. 30 டாலர் முன்பணம் கொடுத்தால் யந்திரம் வயலுக்கு வந்துவிடும். பாக்கியை அறுவடை முடிந்து கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்து மூலமான ஓர் உத்தரவாதம். மணிக்கு ஒன்றரை ஏக்கர் அறுக்கும், அறுக்காவிட்டால் யந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு குடியானவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வயலில் கதிர் முற்றி நிற்கும் பத்து நாளில் யந்திரம் மக்கர் பண்ணினால் அந்த வருஷமே போயிற்று. அந்தப் பயத்தை அறிந்து, அதற்கு நேராகப் பேசியது அந்தத் தாள். உதிரிப் பாகங்களும், அவற்றைப் பொருத்தத் தெரிந்த ஏஜெண்டுகளும் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

மக்கார்மிக் வாங்குகிறவராக இருந்தபோது எப்படி இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சமயம் ரயில்வேக்காரர்கள் அவருடைய பெட்டிகளுக்கு அதிகக் கூலி கேட்டார்கள். 8 டாலர் 70 சென்டு. "கொடுக்க மாட்டேன்" என்று இறங்கிவிட்டார். பெட்டிகள் அவர் இல்லாமல் பிரயாணம் செய்து, போன இடத்தில் நெருப்பில் போயின. மனிதர் இருபது வருஷத்துக்கு மேல் வழக்காடினார்! லட்சாதிபதி ஒருவர் எட்டு டாலர் எழுபது சென்டுக்காக மேல் கோர்ட்டு வரையில் போனார். வாங்குகிறவனுக்கு நியாயம் என்று ஒன்று உண்டு என்பதில் அவ்வளவு உறுதி அவருக்கு. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

அவர் 1884-ல் காலமானார். 1902-ல் அவர் கம்பெனியும் போட்டிக் கம்பெனிகளும் சேர்ந்து "இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்" ஆயின. 1907 முதல் மோட்டார் வண்டிகளும் செய்யத் தொடங்கினார்கள். 1979-80-ல் 172 நாள் நீடித்த வேலை நிறுத்தம், அதன் பின்னால் கடன், அதன் பின்னால் விற்பனை. விவசாய யந்திரப் பகுதியை 1985-ல் வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். அதோடு பழைய பெயரும் போய், 1986-ல் "நேவிஸ்டார்" என்ற புதுப் பெயர் வந்தது. கதிர் அறுத்த கம்பெனியிடம் கடைசியில் மிஞ்சியது லாரியும் டீசல் இஞ்சினும்தான்.

டீசல் இஞ்சினுக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. ருடால்ப் டீசல் 1897-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் தம் இஞ்சினை ஓட்டிக் காட்டி உலகத்தின் கைதட்டலைப் பெற்றார். அடுத்த வருஷமே கெம்ப்டன் என்ற ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 60 குதிரைச் சக்தி இஞ்சின் ஒன்று போயிற்று. போன இடத்தில் அது ஒழுங்காக ஓடவில்லை. ஆட்களை அனுப்பித் திரும்பத் திரும்பச் சரி செய்ய வேண்டியிருந்தது. ஆகவே டீசல் இஞ்சினுக்கு முதல் வாடிக்கைக்காரர் தோன்றிய சமயத்திலேயே முதல் புகார்க்காரரும் தோன்றிவிட்டார். இருவரும் ஒருவரே.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஃபோர்டு கம்பெனி தன் கனமான பிக்கப் லாரிகளுக்கு வேண்டிய டீசல் இஞ்சினை 1980-களின் தொடக்கம் முதல் இந்தக் கம்பெனியிடமிருந்தே வாங்கி வந்தது. பிக்கப் என்றால், முன்னால் கார் மாதிரி உட்காரும் அறை, பின்னால் திறந்த தொட்டி. கொத்து வேலைக் கண்டிராக்டர், குதிரை வளர்க்கிறவர், மாட்டுப் பண்ணைக்காரர், வாரக் கடைசியில் படகை இழுத்துக் கொண்டு ஏரிக்குப் போகிறவர் எல்லோருக்கும் அதுவே வாகனம். 1994-ல் வந்த 7.3 லிட்டர் "பவர் ஸ்ட்ரோக்" இஞ்சின் அவர்களிடையே நல்ல பெயர் எடுத்தது. சத்தம் அதிகம், வேகம் சுமார், ஆனால் கிழமாகாத இஞ்சின் என்று சொன்னார்கள். மூன்று லட்சம் மைல் ஓடியது என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவர்கள் ஆச்சரியப்படவில்லை. இந்த நம்பிக்கைதான் பின்னால் வந்த வினைக்கு வித்து.

1998-ல் புகைக் கட்டுப்பாடு சம்பந்தமாக அமெரிக்க சர்க்காருக்கும் நேவிஸ்டார் உள்பட ஏழு இஞ்சின் கம்பெனிகளுக்கும் ஒரு ராஜி ஏற்பட்டது. அதன்படி 2004-ல் வர வேண்டிய கடுமையான விதிகள் 2002 அக்டோபருக்கே முன் தள்ளப்பட்டன. பழைய 7.3 அந்த விதிகளுக்குள் அடங்காது. அதன் இடத்தில் 6 லிட்டர் இஞ்சின் வந்தது. சிறியது, சத்தம் குறைந்தது, 325 குதிரைச் சக்தி கொண்டது. காரண்டி ஐந்து வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல். பழைய இஞ்சினை நம்பியவர்கள் கண்ணை மூடிக் கொண்டு வாங்கினார்கள்.

வண்டிகள் திரும்பி வரத் தொடங்கின. முதல் வருஷத்திலேயே சுமார் 500 வண்டிகளைக் கம்பெனி திரும்ப வாங்கிக் கொள்ள நேர்ந்தது.

என்ன கோளாறு? கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் நம் வீட்டுச் சமையலறை ஞானமே போதும், புரிந்துவிடும். புகையில் உள்ள நச்சைக் குறைப்பதற்காக, வெளியே போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இஞ்சினுக்குள்ளேயே விடுகிறார்கள். அந்தப் புகை கொதிக்கக் கொதிக்க வருமாகையால், அதைத் தண்ணீரால் ஆற்றுவதற்கு ஒரு கூலர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இஞ்சின் எண்ணெயை ஆற்றும் இன்னொரு கூலர் வழியாக வருகிறது. இந்த எண்ணெய்க் கூலர் இஞ்சினின் நடு மடியில், எட்டாத இடத்தில் புதைந்திருக்கிறது. அதன் துவாரங்கள் மிகவும் மெல்லியவை. வார்ப்படத்து மணலும் தண்ணீரில் கலந்த மருந்தின் கசடும் அதில் போய் அடைத்துக் கொள்ளும். தண்ணீர் குறைந்தால் அடுத்த கூலர் காய்ந்து வெடிக்கும். வெடித்தால் தண்ணீர் இஞ்சினுக்குள் போய் ஆவியாகும். பிரஷர் குக்கரில் வெயிட் அடைத்துக் கொண்டால் மூடி என்ன பாடுபடுமோ, அதே பாடு இஞ்சின் தலைக்கு. அந்தத் தலையைப் பிடித்திருப்பவை ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் நான்கே போல்ட்டுகள். அவை நீண்டு கொடுக்க, இடையில் உள்ள காஸ்கெட்டு போய்விடும்.

இன்னொரு வேடிக்கை. இந்த இஞ்சினில் டீசலைப் பீச்சும் இஞ்செக்டர்களை அழுத்துவதும் இஞ்சின் எண்ணெய்தான். எண்ணெய் அழுக்கானால், குளிர்கால விடியற்காலையில் இஞ்செக்டர் ஒட்டிக் கொண்டு வண்டி இருமும். அந்த இஞ்செக்டர்களுக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்று உண்டு. பாட்டரி தளர்ந்தால் அதுவும் படுத்துவிடும். ஆக, நோய்க் குறி ஒன்றாகவும் நோய் வேறாகவும் இருக்கும். வைத்தியர் பாடு திண்டாட்டம்.

வைத்தியர் என்றேனே, அந்த ஏஜென்ஸிப் பட்டறை மெக்கானிக்கின் நிலைமையையும் கவனியுங்கள். அங்கே அவருக்கு மாதச் சம்பளம் என்பது பெரும்பாலும் இல்லை. இன்ன வேலைக்கு இத்தனை மணி என்று அட்டவணை போட்டு அதற்குத்தான் கூலி. காரண்டி வேலைக்குக் கம்பெனி அனுமதிக்கும் நேரம், வாடிக்கைக்காரர் கைக்காசு கொடுக்கும் வேலைக்கான நேரத்தைவிடக் குறைவு. எனவே கெட்டிக்கார மெக்கானிக்குகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இஞ்சினோடு மல்லுக்கு நிற்பதைவிட, வண்டியின் முன் அறையையே போல்ட்டுகளைக் கழற்றி லிஃப்டில் உயரத் தூக்கிவிடுவது. தலையைத் தனியே எடுத்து மாட்டி வைத்துவிட்டு உடம்புக்கு வைத்தியம்! தான் ஆசையாக வாங்கி, பாங்கியில் ஐந்து வருஷத் தவணை கட்டிக் கொண்டிருக்கும் வண்டி இப்படிக் கபந்தனைப் போல நிற்கிற காட்சியைப் பார்த்த சொந்தக்காரர்களின் வயிறு என்ன எரிந்திருக்கும்!

காரண்டி இருக்கிறதே, இலவசமாகத்தானே ரிப்பேர் செய்கிறார்கள், என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். காரண்டிச் சீட்டு பழுதான பாகத்துக்கும் கூலிக்கும் பொறுப்பு ஏற்கிறது. வண்டி படுத்திருக்கும் மூன்று வாரத்துக்குப் பொறுப்பு ஏற்பதில்லை. "இதன் விளைவாக ஏற்படும் நஷ்டங்களுக்குக் கம்பெனி ஜவாப்தாரி அல்ல" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். வாடகைக்கு எடுத்த வண்டி, கைவிட்டுப் போன கண்டிராக்டு, நடுச் சாலையில் மாட்டு வண்டியும் மாடுமாக நின்ற ராத்திரி, இவை யாவும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். தவணை மட்டும் தேதி தவறாமல் வரும்.

அதோடு போயிற்றா? கூலர் வெடித்தால் கூலரை மாற்றுவார்கள். அதை வெடிக்க வைத்த எண்ணெய்க் கூலரைத் தொட மாட்டார்கள். ஆறு மாதத்தில் அதே வியாதி திரும்பும். வண்டியின் கம்ப்யூட்டரில் வேகம் கூட்டுவதற்காக யாராவது கை வைத்த தடயம் தெரிந்தால் காரண்டியே கிடையாது என்பார்கள். சில பேர் கை வைத்தவர்கள்தான், மறுப்பதற்கில்லை. கை வைக்காதவர்களும் தாங்கள் கை வைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஒரு லட்சம் மைல் முடிந்த பிறகு இஞ்சின் தலை போனால் செலவு ஆயிரக் கணக்கான டாலர். என் சிநேகிதர் ஒருவர், "காரண்டி என்பது மாமியார் வீட்டு விருந்து மாதிரி, நாள் தெரிந்து போக வேண்டும்" என்று சொல்வார். அவர் சொன்னது குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி.

இதற்கிடையில் சொந்தக்காரர்களே வைத்தியர்களானார்கள். பலமான போல்ட்டு, கெட்டியான கூலர், தண்ணீர் வடிகட்டி எல்லாம் வாங்கிப் பொருத்தி இஞ்சினை மறுபடி கட்டினார்கள். அப்படிக் கட்டிய வண்டிக்குத் "துப்பாக்கிக் குண்டு துளைக்காதது" என்று பட்டமும் கொடுத்துக் கொண்டார்கள். வேறு சிலர் புகை திருப்பும் குழாயையே அடைத்துவிட்டார்கள். இஞ்சினுக்கு அது சுகம். சுத்தக் காற்றுச் சட்டப்படி அது குற்றம்.

பெரியவர்களுக்குள் சண்டை மூண்டது 2007-ல். காரண்டிச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதே விவகாரம். ஜனவரியில் ஃபோர்டு மிச்சிகன் மாகாணக் கோர்ட்டில் வழக்குப் போட்டது; நேவிஸ்டாருக்குத் தர வேண்டிய பணத்தில் காரண்டிச் செலவைப் பிடித்துக் கொண்டது. "பணம் இல்லையேல் இஞ்சின் இல்லை" என்று நேவிஸ்டார் பிப்ரவரியில் இஞ்சின் அனுப்புவதை நிறுத்தியது. கோர்ட்டு தலையிட்டு மறுபடி அனுப்ப வைத்தது. இஞ்சின் மோசம் என்றார் ஒருவர். அதே இஞ்சின் எங்கள் லாரிகளில் சரியாக ஓடுகிறது, உங்கள் உபயோகம்தான் காரணம் என்றார் மற்றவர். 2009 ஜனவரியில் ராஜியானார்கள். வழக்குப் போட்ட ஃபோர்டுதான் கடைசியில் பணம் கொடுத்தது! முப்பது வருஷம் நெருங்கிய பந்தம் அறுந்தது. 2011-ம் வருஷ மாடலுக்கு ஃபோர்டு தானே 6.7 லிட்டர் இஞ்சின் செய்து கொண்டது. அதில் சிலிண்டருக்கு ஆறு போல்ட்டு.

வண்டி வாங்கியவர்களுடைய வழக்குகள் நாடு முழுவதிலுமிருந்து சிகாகோ கோர்ட்டில் ஒன்று சேர்க்கப்பட்டு, 2013-ல் முடிவுக்கு வந்தன. ரிப்பேர் பில் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குப் பாகத்துக்குத் தக்கபடி சில நூறு டாலர் வரையில் கிடைத்தது.

இவ்வளவுக்குப் பிறகு அந்தக் கம்பெனி என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2010-ல் இன்னும் கடுமையான புகை விதி வந்தது. மற்ற லாரிக் கம்பெனிகள் எல்லாம், புகை வெளியேறும் குழாயில் யூரியாக் கரைசலைத் தெளித்து நச்சை முறிக்கும் முறையைக் கைக்கொண்டன. நேவிஸ்டார் ஒன்று மட்டும், எங்கள் லாரிக்காரர் யூரியா டாங்கியைக் கட்டிக் கொண்டு திரிய வேண்டாம், புகையை இன்னும் அதிகமாகத் திருப்பி விட்டே சாதித்துக் காட்டுவோம் என்றது. "மேக்ஸ்ஃபோர்ஸ்" என்று பெயர் சூட்டினார்கள். தமக்குள்ள கெட்ட அனுபவத்தையே வாக்குறுதியாக மாற்றி விற்ற துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். விதியில் சொன்ன அளவு வரவில்லை. முன் வருஷங்களில் சேர்த்து வைத்த புண்ணியக் கணக்கைச் செலவழித்துக் கொண்டு ஓட்டினார்கள். கணக்கு தீரும் சமயத்தில், இஞ்சினுக்கு 1,919 டாலர் அபராதம் கட்டிவிட்டு விற்கலாம் என்று சர்க்கார் 2012 ஜனவரியில் வழி விட்டது. போட்டிக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் ஜூனில் அந்த வழியையும் அடைத்தன. ஜூலையில் நேவிஸ்டார் யூரியாவுக்கு வந்தது. ஆகஸ்டில் தலைவர் டேனியல் உஸ்டியன் பதவி விலகினார். முதலீட்டாளர்களிடம் உண்மையை மறைத்ததாகப் பங்குச் சந்தைக் கமிஷன் கொண்டு வந்த குற்றச்சாட்டுக்காக 2016-ல் கம்பெனி 75 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது.

நடுவில் விற்ற லாரிகள் என்ன ஆயின? பழைய கதையேதான், பெரிய அளவில். கூலர் ஒழுகும், விளக்கு எரியும், கம்ப்யூட்டர் இஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும், கனத்த சுமையோடு லாரி மேட்டில் நகரும்.

டென்னஸி மாகாணத்தில் ஒரு லாரிக் கம்பெனி இப்படிப்பட்ட லாரிகள் இருநூறுக்கு மேல் வாங்கியிருந்தது. "குறை தெரிந்தே மறைத்து விற்றார்கள்" என்று வழக்குப் போட்டது. 2017-ல் ஜூரர்கள் கேட்டுவிட்டு 3 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். அதில் இரண்டு கோடி, தண்டனையாக. அப்பீலில் அது கவிழ்ந்தது. 2021 ஆகஸ்டில் அந்த மாகாணத்துச் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. காரணம் கேளுங்கள். இரண்டு பக்கமும் வியாபாரம் தெரிந்தவர்கள். சொன்ன பொய் சரக்கின் தரத்தைப் பற்றியது மட்டுமானால், பரிகாரத்தை ஒப்பந்தத்திலும் காரண்டியிலும்தான் தேட வேண்டும், மோசடி என்று தனியாகக் கேட்க முடியாது. காரண்டியிலோ அந்தச் சின்ன எழுத்து வரி காவல் இருக்கிறது. சரி, வாங்குவோர் பாதுகாப்புச் சட்டம்? அந்தச் சட்டத்தின் அர்த்தத்தில் இந்த லாரிகள் "சரக்கு" ஆகா, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவை அல்லவே என்றது கோர்ட்டு. சட்ட தர்க்கத்தில் பிசகு இல்லை என்று வக்கீல்கள் சொல்லக் கூடும். எனக்கு அந்த ஜூரர்கள் பக்கமே மனம் சாய்கிறது. எட்டு டாலர் எழுபது சென்டுக்காக இருபது வருஷம் போராடிய மனிதரும் அவர்கள் பக்கமே சாய்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

தேசம் முழுவதும் உள்ள சொந்தக்காரர்களுக்காக நடந்த வேறொரு வழக்கில் 13 கோடியே 50 லட்சம் டாலருக்கு ராஜி ஏற்பட்டு, 2020-ல் கோர்ட்டு அங்கீகரித்தது. 2011 முதல் 2014 வரையிலான மாடல்களுக்கு. லாரிக்கு 2,500 டாலர் வரையில் ரொக்கமாக வாங்கிக் கொள்ளலாம். நஷ்டத்தை ரசீதோடு நிரூபித்தால் 15,000 வரையில் கேட்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் 10,000 டாலர் வரையில் தள்ளுபடி, அதே கம்பெனியிடம் புது லாரி வாங்கினால்!

2021 ஜூலையில் நேவிஸ்டாரை ஜெர்மனியின் டிராட்டன் குழுமம் வாங்கியது. ஆக்ஸ்பர்க்கில் டீசலின் முதல் இஞ்சினைச் செய்த கம்பெனியின் வழிவந்த லாரிக் கம்பெனியும் அதே குழுமத்தைச் சேர்ந்ததுதான். 2024-ல் நேவிஸ்டார் என்ற பெயரையும் எடுத்துவிட்டு மறுபடி "இன்டர்நேஷனல்" என்று வைத்துக் கொண்டார்கள்.

அந்த 6 லிட்டர் வண்டிகளில் பல இன்னும் கை மாறிக் கொண்டிருக்கின்றன. விஷயம் தெரிந்தவர்கள் வாங்கப் போனால் பெயின்டைப் பார்ப்பதில்லை, மீட்டரைப் பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து, தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் ஜாடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். பூத்திருந்தால் தண்ணீர் வெளியே கக்கியிருக்கிறது என்று அர்த்தம். மூடியைச் சாத்திவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போய்விடுகிறார்கள்.